ஆற்றில் விட்ட சாமி படம்

ஆட்டோவில் என் மடியில் சாமி இருந்தார். நெல்லையப்பரும் காந்திமதியும் சேர்ந்து நிற்கிற பெரிய படம். தேக்குச் சட்டம், முன்னால் கனமான கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு விரிசல். என்னுடைய பழைய அரக்குப் பட்டில் சுற்றி, மேலே மஞ்சள் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு முழம் பிச்சிப்பூவும் சூடமும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கன போகணும் ஆச்சி?" என்றான் ஆட்டோக்காரன். அவனுக்கே நாற்பது வயசு இருக்கும், என்னை ஆச்சி என்கிறான். அந்த வெயிலில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"குறுக்குத்துறைக்கு."

திரும்பி என் மடியைப் பார்த்தான். "சாமி படமா? விரிசல் விட்டுட்டோ? வீட்டுல வச்சிருக்கக் கூடாது ஆச்சி, ஆத்துல விட்டுருங்க. எங்க வீட்டுலயும் போன மாசம் ரெண்டு படத்தக் கொண்டு விட்டோம்."

"அதுக்குத்தான வே போறோம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறக்கவில்லை. குப்பை விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது, மூன்று வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

ரெண்டு வாளி ஆச்சி

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த கதைகளைப் படித்துவிட்டு, சிரிக்கச் சிரிக்க எழுதுகிறீர்கள் என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். நல்லது தாயி. இந்த வாரம் சிரிப்பு குறைவாகத்தான் இருக்கும். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவளிடமே போய்க் கேட்டேன். "பேரையும் தெருவையும் மாத்திட்டு எழுதுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். இதில் வருகிற பேச்சியம்மா பேச்சியம்மா இல்லை.

எங்கள் தெரு ரயில் சந்திப்புக்கும் டவுனுக்கும் நடுவே இருக்கிறது. நாற்பது வீடு. நான் அந்தத் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். ஏன் நான் என்றால், வேறு யாரும் வரவில்லை. ரிடையர் ஆன பொம்பிளை, பிள்ளைகள் வெளியூரில், வாயும் கொஞ்சம் நீளம். இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

ஒரு கோடையில் ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. வருஷா வருஷம் எரிகிறதுதான். அந்தத் தடவை அணைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. காற்று திரும்பியபோதெல்லாம் புகை எங்கள் தெருவுக்குள் வந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் வாடை, குடிக்கிற தண்ணீரில் வாடை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிய விடிய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

எங்கேதான் எரிகிறது பார்த்துவிடுவோம் என்று தெருவில் நாலு பேர் சேர்ந்து போனோம். பார்த்திருக்க வேண்டாம். மெத்தை, செருப்பு, டயர், தேங்காய்ச் சிரட்டை, அழுகின சோறு, எல்லாம் ஒன்றாகக் கலந்து பனை உயரத்துக்குக் கிடந்தது. மாடு மேய்ந்துகொண்டிருந்தது. என் காலடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை. எடுத்துப் பார்த்தால் எங்கள் எதிர்வீட்டுக் கல்யாணம். மஞ்சள் தடவின ஓரம்கூட அழியவில்லை, அதில் சாம்பார் சாதம் ஒட்டியிருந்தது.  எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு ஏறினேன். மக்குகிற குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீல வாளி. உடைந்த கண்ணாடி என்றால் தாளில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.

"எங்க வீட்டுல குப்பையே விழாது மதினி" என்றாள் ஒருத்தி. "நான் வரி கட்டுதேன், பிரிக்கது அவிய வேலை" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அவர்தான் சங்கத் தலைவர். மூன்றாவது வீட்டுக்காரர் கதவைத் திறக்காமலே, "ஆள் இல்ல" என்று உள்ளேயிருந்து சொன்னார். தெருப் பிள்ளைகள் எனக்கு 'ரெண்டு வாளி ஆச்சி' என்று பேர் வைத்தார்கள்.

இருக்கட்டும். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் உறைக்காது. அந்தக் காலத்தில் ஒரு வயரை மாற்றிச் சொருகினால், தென்காசிக்காரர் பேசுகிற சம்பந்தம் தூத்துக்குடிக்காரர் காதில் விழும். அப்புறம் இரண்டு குடும்பமும் நம்மை வைய வரும். அததை அததன் இடத்தில் வைக்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன புத்தி.

எனக்குத் துணையாக இருந்தது ஒரே ஒருத்திதான். பேச்சியம்மா. எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வருகிற தூய்மைப் பணியாளர், ஒப்பந்தத்தில் வேலை. காலை ஆறரைக்கு பேட்டரி வண்டியோடு வந்து விசில் ஊதுவாள். ஐம்பதை நெருங்குகிற வயசு, கறுத்த ஒடிசலான உடம்பு, சர்க்கரை வேறு. வண்டியில் ஒரு மூங்கில் கம்பு வைத்திருப்பாள். அதை விட்டு ஒவ்வொரு வாளியையும் கிளறிப் பார்த்து, கலந்திருந்தால் வாங்க மாட்டாள். "யக்கா, நேத்து சொன்னது மறந்துட்டா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்பாள். என் சத்தத்துக்குப் பயப்படாதவர்கள் அவளுடைய கம்புக்குப் பயந்தார்கள்.

அப்படியாக ஒரு வழிக்கு வந்தது. தெரு முனையில் மாநகராட்சிக்காரர்கள் 'முன்மாதிரித் தெரு' என்று பச்சைப் போர்டு நட்டார்கள். போர்டுக்குக் கீழே நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'ஆள் இல்ல' என்று சொன்ன மூன்றாவது வீட்டுக்காரர்தான் முன்வரிசையில்.

உண்மையைச் சொன்னால், அந்தப் போர்டு வந்த அன்றைக்கே எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் விட்டால் மறு நாள் எல்லாம் பழையபடி கலந்துவிடும். ஒரு தீபாவளி போதும், மூன்று மாசப் பாடு போய்விடும். சொன்னதையே சொல்லி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

சாமிக்கு மட்டும் வாளி கிடையாது

எவ்வளவு பிரித்தாலும் தெருவில் பிரியாத குப்பை ஒன்று உண்டு. அது சாமி.

தை மாசம் பிறந்தால் நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று ஆளுக்கொரு காலண்டர் கொடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் முருகன், லட்சுமி, பிள்ளையார். வருஷக் கடைசியில் தேதி தீர்ந்துவிடும், சாமி மிச்சம் இருப்பார். அவரைக் குப்பையில் போட எந்த வீட்டுக் கைக்குத் துணிச்சல் வரும்? கொண்டுபோய் அரசமரத்து மூட்டில் சாத்துவார்கள். கண்ணாடி போட்ட படமென்றால் ஆற்றில் விடுவார்கள். "ஓடுத தண்ணில விட்டா தோஷம் இல்ல" என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். செத்தவர் உடுத்தின துணியும் அங்கேதான், பரிகாரம் பண்ணினவர் அவிழ்த்துப் போட்ட துணியும் அங்கேதான். தாமிரபரணி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைப் பற்றியும் நான் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். "சட்டத்தைக் கழற்றுங்கள். காகிதம் தனி, கண்ணாடி தனி, மரம் தனி. ஆற்றில் போடாதீர்கள்." கை தட்டினார்கள்.

எங்கள் வீட்டுப் படம் உடைந்தது என்னால். ஒட்டடை அடிக்கும்போது கம்பு நழுவி நேரே போய் இடித்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த படம் அது. நாற்பது வருஷம் நான் விளக்குக் காட்டினது. ஒரு கார்த்திகைக்குச் சுடர் பட்டு, சட்டத்தின் கீழ் மூலை கருகி ரூபாய்க் காசளவு வட்டம் விழுந்திருந்தது.

"வேற கண்ணாடி மாத்திருவோமா அத்தான்?" என்று கேட்டேன். அவர் என் அத்தை மகன், இன்றைக்கும் அத்தான்தான்.

"பின்னப்பட்ட சாமிய வீட்டுல வைக்கக் கூடாது."

"அப்ப சட்டத்தக் கழத்துவோம். கண்ணாடிய பேச்சிகிட்ட தனியா குடுத்திருதேன். படத்த மட்டும் கோயில்ல..."

"ஏளா, வாளிக்கு வாளி பிரிச்சது போதாதுன்னு இப்ப சாமியையும் பிரிக்கப் போறியா? நாப்பது வருசம் கும்பிட்ட முகத்துக்கு முன்ன நின்னு ஆணியப் புடுங்குவியா நீ?"

ஏன் பிடுங்க மாட்டேன் என்று ஆணி பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்துவந்தேன். படத்தைக் கவிழ்க்கப் போனேன். கண்ணாடியில் அம்பாள் நெற்றிக்கு நேரே என் குங்குமம், போன வெள்ளிக்கிழமை வைத்தது. யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷமாக நான் பொட்டு வைத்ததெல்லாம் கண்ணாடிக்குத்தான். அம்பாள் அதற்கு உள்ளே இருக்கிறாள். புத்திக்கு அது தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. குறட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அன்றைக்கு அது நான்தான். போகட்டும், ஒரு படம்தானே, ஆற்றுக்கு இது ஒரு பாரமா என்று நினைத்தேன். நாற்பது வீட்டிலும் நான் திட்டித் தீர்த்த அதே பேச்சு.

படித்துறையில்

அணையில் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள் போல. ஆறு இறங்கி, படிகள் பாசியோடு வெளியே தெரிந்தன. கீழ்ப்படியில் யார் யார் சேலையோ சுருண்டு கிடந்தது. தள்ளி நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் கவனிக்கவில்லை. படத்தோடு வருகிறவர்களை அங்கே யார் கவனிப்பார்கள்?

வீட்டுக்காரர் சூடம் காட்டினார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று படத்தை விட்டேன். தேக்குச் சட்டம் ஆயிற்றே, முங்கவில்லை. பட்டுத்துணி உப்பிக்கொண்டு மிதந்தது. கரையைவிட்டுப் போகவும் இல்லை, என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இரு" என்று வீட்டுக்காரர் ஒரு கல்லை எடுத்துவந்து மேலே வைத்தார். பைய இறங்கியது. இறங்கும்போது துணிக்குள் நறுக்கென்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொண்டேன்.

வருகிற வழியில் ஒரு கடையில் காபி குடித்தோம். காபி நன்றாக இருந்தது.

விசில் வராத வாரம்

நாலாம் நாள் காலையில் வேறு விசில் கேட்டது. வாசலில் போய்ப் பார்த்தால் தெரியாத ஆள். என் கையிலிருந்து இரண்டு வாளியையும் வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டினான்.

"எய்யா, ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுதியே!"

"அங்க போயி எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி" என்று வண்டியை நகர்த்தினான்.

"பேச்சியம்மா எங்க?"

"அதுக்குக் காலுல கண்ணாடி குத்திட்டு. ஆசுபத்திரில கெடக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வீட்டு மூதேவி கண்ணாடியைக் குப்பையில் போட்டது என்று வாசலில் நின்றே கத்தினேன். அவள் மூன்று தெரு பார்க்கிறாள். கட்டாயம் மற்ற இரண்டு தெருவில் ஒன்றாகத்தான் இருக்கும், எங்கள் தெருவில் அப்படி நடக்காது என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன். அதை நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ரொட்டியும் கொஞ்சம் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. குளிக்கிற இடமெல்லாம் வீட்டில் கிடையாது. வேலை முடிந்ததும் ஆற்றில் முங்காமல் வாசல்படி ஏற மாட்டேன் என்று முன்பே சொல்லியிருக்கிறாள்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் முழுக்கக் கட்டு. "வாங்கக்கா" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

எதிர்ச் சுவரில் நெல்லையப்பரும் காந்திமதியும் நின்றார்கள்.

கண்ணாடி இல்லை. தண்ணீர் ஏறி அம்பாளின் பாதிச் சேலை வெளுத்திருந்தது. சட்டத்தின் கீழ் மூலையில் கருகின வட்டம். மேலே ஒரு இணுக்கு பிச்சிப்பூ. 

"அந்தச் சாமிதான் யக்கா குத்துனது" என்று சிரித்தாள் பேச்சி. "வேலைய முடிச்சிட்டு முங்கிட்டு வருவோம்னு போனேன். படியில காலு வச்சேன், துணின்னு நெனச்சி மிதிச்சிட்டேன். உள்ள பூராக் கண்ணாடி. எந்த மகராசியோ நல்ல பட்டச் சுத்தி விட்டிருக்கா. இங்கன இருந்து இங்கன வரைக்கும் கிழிச்சிட்டு. எனக்குத்தான் சக்கர கெடக்கே, ஆறுமா? சுண்டு வெரல எடுத்துட்டாவ."

"படத்த ஏன் எடுத்துட்டு வந்த?" என்று கேட்டேன்.

"பொறவு? அங்கனயே போட்டா அடுத்தாப்புல ஒரு பச்சப்புள்ள மிதிக்கும். எம்மவ கண்ணாடியெல்லாம் பொறுக்கி, கோணியில கட்டி, தனியாக் குடுத்துட்டா. சாமிய என்ன செய்ய? குத்துனாலும் சாமில்லா. ஆணியடிச்சி மாட்டியாச்சி."

 சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "பேச்சி, அந்தப் படம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "யக்கா, படத்தப் பத்தி வெளியில மூச்சு விட்டுராதிய. ஆத்துல குத்துனதுன்னு தெரிஞ்சா, குளிக்கப் போனது ஒம்பாடு, எங்களுக்கென்னம்பாவ. வேற ஆளப் போட்டுருவாவ. இப்பமே ஒருத்தன் வந்துட்டாம்லா? எங்க மேஸ்திரி நல்ல மனுசன். வேல பாக்கையில குத்துனதுன்னு எழுதித்தாரேன்னு சொல்லுதாரு. ஆனா எந்தத் தெருன்னு எழுதணுமாம், அந்தத் தெருக்காரவுக கையெழுத்தும் வேணுமாம். நான் உங்க தெருவச் சொல்லிட்டேன்."

"எங்க தெருவையா?"

"வேற யாரு எனக்காவ கையெழுத்துப் போடுவாவ? நீங்க சொல்லுங்க."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாளே என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சத்தியமாக வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் படம் மாட்டியிருந்த காலி ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கையெழுத்து

மேஸ்திரி காகிதத்தோடு வந்தார். அவர் பேச்சிக்கு மேலே வேலை பார்க்கிற மேற்பார்வைக்காரர், பாவம் அவரும் ஒப்பந்தம்தான். 'மேற்படி தெருவில் தரம் பிரிக்காமல் போடப்பட்ட குப்பையில் இருந்த கண்ணாடி' என்று எழுதியிருந்தது.

"யோசிச்சுப் போடுங்கம்மா" என்றார். "இதுல நீங்க கையெழுத்துப் போட்டா அந்தப் பொம்பிளைக்கு வேல நிக்கும். ஆனா உங்க போர்டப் புடுங்கிருவாவ. கலந்து போடுத தெருவுக்குப் போர்டு எதுக்கும்பாவ."

வாசித்துப் பார்த்தேன். தெருவின் பேரைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பொருந்தியது. போட்டுக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்கூடத்தில் சங்கக் கூட்டம். அவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. போர்டு நட்டபோதுகூட இவ்வளவு கூட்டம் இல்லை.

"யாரக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிய?" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. "மூணு வருசம் பாடுபட்டிருக்கோம்லா?" வரி கட்டுகிறேன் என்று சொன்ன அதே அண்ணாச்சிதான். 

"கண்ணாடி எந்த வீட்டுல இருந்து வந்துன்னு தெரியணும்" என்றார் ஒருத்தர்.

"வேற எங்க? மாடி வீடுதான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அந்த ரெண்டு பிள்ளைகளும் வீட்டுல எப்ப இருக்குது? வாளிய யாரு பிரிக்கா?"

அந்த மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பெண்பிள்ளைகளும் நர்சுகள். வெளியூர்க்காரிகள். முறை வேலைக்குப் போய்வந்து, தூக்கம் கலையாத முகத்தோடு கடைசியில் நின்றிருந்தார்கள். "நாங்க ஊசி, மருந்து பாட்டில் எதுவும் வீட்டுக்குக் கொண்டு வர்றதே இல்லம்மா" என்றாள் ஒருத்தி. அதை யார் கேட்டார்கள்? வாடகைக்காரர்களை வைத்தாலே இப்படித்தான் என்று ஒரு குரல் வந்தது. காலி செய்யச் சொல்லுங்கள் என்று இன்னொரு குரல். அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டே வீட்டு ஓனரைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார்.

"என் வீட்டுக் கண்ணாடி" என்றேன்.

யார் காதிலும் ஏறவில்லை. எழுந்து நின்று, எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் லைன் கரகரக்கும்போது கத்துவேனே, அந்தக் குரலில் கத்தினேன். "என் வீட்டுக் கண்ணாடிதான். நான்தான் போட்டேன். பிரிக்காமப் போட்டேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "மதினி, அந்தப் பிள்ளைகளக் காப்பாத்தணும்னு நீங்க எதுக்கு இதத் தலையில தூக்கி வைக்கிய?"

"நான் தூக்கி வைக்கல. சாமி படத்துக் கண்ணாடி. ஆணியப் பிடுங்க மனசு வரல."

அதற்குமேல் எங்கே விட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் பேச்சியின் வேலை போய்விடும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துப் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் நம்பவில்லை. அந்தப் பிள்ளைகளை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை, அது போதும்.

போர்டை இரண்டு பேர் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் பார்க்கப் போகவில்லை. படுத்துத் தூங்கினேன். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று ஆசையாக இருந்தது. அதுவும் நடக்கவில்லை, வேறு ஆள் யாரும் வரவில்லை.

பேச்சி திரும்பி வந்த நாள்

இரண்டு மாசத்துக்கு மேலே ஆயிற்று. ஒரு காலை, ஆறரைக்கு, பழைய விசில்.

வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பேச்சி வண்டியைவிட்டு இறங்கி வந்தாள். இடது காலை ஓரமாகச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். ஒரு விரல் போனதற்கு இவ்வளவு சாயுமா என்று எனக்குத் திக்கென்றது. வாசலுக்கு வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தெரு பூராச் சொல்லிட்டாவ யக்கா. எனக்காவ இல்லாத பழிய உங்க மேல இழுத்துப் போட்டுக்கிட்டியளாமே. போர்டும் போச்சாம். எங்க அம்ம இருந்தாக்கூட இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டா. நீங்க நல்லா இருக்கணும்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பழி இல்ல பேச்சி. உன் வீட்டுச் சுவத்துல தொங்குது பாரு, அது எங்க வீட்டுப் படம். பட்டுச் சேலையும் என்னுது. நாங்கதான் கொண்டு விட்டோம். மேல கல்ல வச்சோம். கண்ணாடி நொறுங்குனது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

என் கையைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே இருந்தது. பிறகு விட்டாள். என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்பமே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

தலையை ஆட்டினாள். "படம் திருப்பி வேணுமா?" என்றாள்.

"வேண்டாம். உங்கிட்டயே இருக்கட்டும்."

 சாய்ந்து சாய்ந்து வண்டிக்குப் போனாள். மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பச்சை வாளியைத் தரையில் வைத்து, கம்பை விட்டு அடிவரைக்கும் கிளறினாள். முருங்கைக்காய்ச் சக்கை, காபித் தூள், வாழைப்பழத் தோல். பிறகு நீல வாளியைக் கிளறினாள். இரண்டையும் தனித்தனியாகத் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தாள்.

"சரியா இருக்கு" என்றாள். யக்கா என்று சொல்லவில்லை.

மூன்று வருஷமாகத் தெருவில் எல்லார் வாளியையும் கிளறினவள், என் வாளியில் மட்டும் கம்பு வைத்ததே இல்லை. இப்போது தினமும் கிளறுகிறாள். முடியும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.